ஒரு நாள் பேசாவிட்டால்

"கொடுடா அதை!"

சர்ச் வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை லொபெட்டி. செமிசியின் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கிவிட்டார்.

"உள்ளே ஜெபம் நடக்குது. நீ பாட்டுக்கு எழுந்து வந்து இங்க குசுகுசுன்னு பேசிட்டிருக்கே. சாப்பிடறப்ப போன், ஏணி மேல நிக்கறப்ப போன். நேத்து மட்டும் ஒன்பது தடவை!"

"ரெண்டு நிமிஷம்தான் மாமா பேசுவேன்..."

"யாருடா அது? காதலியா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். செமிசி தலையைக் குனிந்துகொண்டான். இருபத்தோரு வயது.

டோங்கா தீவிலிருந்து குவீன்ஸ்லாந்துக்கு ஆரஞ்சு பறிக்க வந்திருக்கும் பன்னிரண்டு பேருக்கு லொபெட்டிதான் மேஸ்திரி. இது அவருக்கு எட்டாவது சீசன். செமிசிக்கு முதல் சீசன். ஊரில் அவருக்கு அடுத்த வீட்டுப் பையன்.

"நாளைக்குக் காலையில வாங்கிக்கோ."

"மாமா, சாயந்திரம் ஒரே ஒரு தடவை கொடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"ஒரு நாள் பேசலேன்னா குடியா முழுகிடும்? கையில இது இல்லேன்னா உங்களுக்கெல்லாம் மூச்சு விடவே தெரியலைடா!"

மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மரவள்ளியும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டார்கள். செமிசி தட்டைத் தொடவில்லை. மெதுவாக லொபெட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க ஊருக்குப் பேசறதே இல்லையா மாமா?"

"யார்கிட்ட பேச? அப்பாவுக்குக் கண்ணும் போச்சு, நினைவும் போச்சு. இப்ப பேசினது அரை மணி நேரத்துல மறந்துடும். என் தங்கச்சி லவீனியா பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறா. நான் மாசம் தவறாம பணம் அனுப்பறேன். போதாதா?"

செமிசி எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு வேண்டாமென்று எழுந்து போய்விட்டான்.

லொபெட்டிக்கு மனசு என்னவோ செய்தது. முதல் சீசனில் அவரும் பேசியவர்தான். "எப்ப வருவே?" என்று அப்பா கேட்ட அன்று அழுகை அடங்கவில்லை. ரெண்டு நாள் வேலையே ஓடவில்லை. அத்தோடு விட்டுவிட்டார். இந்தப் பையனும் அப்படி உடைந்து போகக் கூடாது. எல்லாம் அவன் நல்லதுக்குத்தான்.

சாயந்திரம் நாலு மணிக்கு லொபெட்டியின் சட்டைப் பையில் செமிசியின் போன் அடித்தது. விட்டுவிட்டார். மறுபடி அடித்தது. மறுபடியும்.

ஏழாவது தடவை பொறுமை போயிற்று. அந்தப் பெண்ணை ரெண்டு வாங்கு வாங்குவது என்று, யார் பெயர் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துக் காதில் வைத்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு குரல் ஓவென்று அழுதது.

"செமிசி! எங்கேடா போயிட்டே? எத்தனை தடவைடா கூப்பிடறது?"

லவீனியாவின் குரல்.



"அப்பா போயிட்டார்டா தம்பி. இப்பதான், பத்து நிமிஷம் ஆச்சு. காலையிலேருந்து ஒரே கேள்விதான். 'என் பிள்ளை கூப்பிட்டானா, கூப்பிட்டானா'ன்னு... வாசப்பக்கமே முகத்தைத் திருப்பி வச்சிருந்தார்."

லொபெட்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அண்ணன்கிட்ட எப்படிச் சொல்லப் போறேன்னு தெரியலை. இத்தனை நாள் மறைச்சதையும் சேர்த்துச் சொல்லணும். மறந்து மறந்து கேப்பார். நீயும் சலிக்காம ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிட்டு, 'நான்தான் லொபெட்டி பேசறேன் அப்பா'ன்னு சொல்லுவியேடா... இன்னிக்கு ஒரு நாள் ஏண்டா சொல்லாமப் போயிட்டே?"