ஏழாவது தாள்

கோர்பு மலை பாதுகாக்கப்பட்ட காடு. ஏறும்போது சாப்பாட்டுப் பொட்டலங்களை எண்ணி எழுதிக்கொள்வார்கள். இறங்கியதும் பொட்டலம் கட்டிய காலித் தாள்களைக் காட்டினால்தான் விடுவார்கள்.

வனக்காவலர் கதிரவேலு, ஷஹீரா குழுவின் குப்பைப் பையைக் கொட்டி எண்ணினார். ஏழு இருந்தது.

“ஆறு பேருதான் அண்ணே போனோம். ஆறு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம்தான்” என்றாள் ஷஹீரா.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாப்பா தன் கடைப் பொட்டலங்களில் பெயர் எழுதித்தான் கொடுப்பார். ஏழாவது தாளில் ‘உஸாமா’ என்று அவர் கையெழுத்து. போன வருஷம் உச்சிக்குப் போய் இறங்கி வராத தம்பி.

கதிரவேலு நோட்டைப் பின்னால் புரட்டினார்.

“போன வருஷம் உங்க குழுவுல ஒரு தாள் குறைஞ்சிச்சு. இப்ப சரியாயிருச்சு லா.”

ஷஹீரா தாளைப் பிரித்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த சோறு இன்னும் சூடாக இருந்தது.