மூடியில் நான்கு உருண்டைகள்

"கோபம் வருமாம்மா?" என்று ஹோமியோபதி டாக்டர் என்னிடம்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "பீரியட்ஸ் தாறுமாறானதுலேர்ந்து எரிஞ்சு எரிஞ்சு விழறா சார். எல்லாம் ஹார்மோன்." டாக்டரும் அவர் முகத்தைப் பார்த்தே எழுதிக்கொண்டார். மருந்து உருண்டைகளைக் கையால் தொடக் கூடாது, மூடியில் கொட்டி நாக்கில் போட வேண்டும். காபி கூடாது, அதன் வாசனைகூட மருந்தை முறித்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் காபிப்பொடி டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தேன். மூன்றாம் நாள் காலை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஒரு வாய் காபிக்கு வக்கில்லையா இந்த வீட்ல?" அவர் விட்டெறிந்த டம்ளர் சுவரில் பட்டு என் காலடிக்கு உருண்டு வந்தது. நான் குனியவில்லை. நான்கு உருண்டைகளை மூடியில் கொட்டி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "நாக்க நீட்டுங்க. ஹார்மோன்தான்."