சாலையைப் பார்த்து நிற்கும் வண்டி

நோரீன் தன் கேரவனை மறுபடியும் ரிவர்ஸில் எடுத்தாள்.

நான் பின்னால் ஜல்லியில் நின்று, குளிரில் விறைத்த கையை ஆட்டி வழி காட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு புரோக்கருக்கு இதெல்லாம் வேலையில்லை. கமிஷன் வாங்கியாயிற்று, ஆட்டித்தானே ஆக வேண்டும்.

முன்பக்கமாக நுழைத்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். அவளுக்கோ வண்டியின் முகம் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும். இனி எங்கே ஓடப்போகிறீர்கள், சொந்த வீடுதான் வந்துவிட்டதே என்று ஜன்னலருகே போய்க் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்தாள்.

அன்று காலைதான் பத்திரம் முடிந்திருந்தது. வியாழக்கிழமை அவள் மகன் டெரல் வீட்டுக்கு வருகிறான். அதற்குள் அவள் பெயரில் ஒரு வீடு இருந்தாக வேண்டும். தேட ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

எங்கள் ரோன் மலைப் பக்கம் நான் எத்தனையோ பேருக்கு வீடு காட்டியிருக்கிறேன். அடுப்படிக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். வராந்தாவில் நின்று மலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நோரீன் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. கேரவன் நிற்க இடம் எங்கே, அங்கே கரண்ட் உண்டா, பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடுமா, அங்கிருந்து ஒரே மூச்சில் சாலைக்கு இறங்கிவிட முடியுமா என்று வெளியிலேயே சுற்றி வருவாள். இந்த வீட்டுக்கு முன்னால் ஓர் இரும்பு கேட் இருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வண்டியிலேயே வாழ்ந்து பழகியவர்கள் அப்படித்தான் என்று நினைத்தேன். கணவர் போய்ப் பதிமூன்று வருஷம். அன்றிலிருந்து சுற்றுலா முகாம்களில் கழிவறை கழுவி, அதற்குப் பதிலாக வண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டு தனியாக வாழ்ந்திருக்கிறாள். மகன் போனதும் அதே வருஷம்தானாம்.

எங்கள் மலையில் ஒரு தாய் 'பையன் வீட்டுக்கு வர்றான்' என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாதி வீடுகளில் பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு. அப்பாவைப் பறிகொடுத்த துக்கத்தில் படையில் சேர்ந்திருப்பான் என்று நானே கதையை முடித்துக்கொண்டேன். எந்த நாட்டில் இருக்கிறான் என்று கேட்கவில்லை. அப்படியெல்லாம் துருவுவது எங்களுக்குள் மரியாதை இல்லை.

சொல்லப்போனால் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. என் மகன் காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில், நாக்ஸ்வில்லில்தான் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குக்கூட ஃபோனோடு சரி.

அதனால்தான் முன்கூட்டியே வந்து வராந்தாத் தூணில் பெரிய தேசியக் கொடி ஒன்றைக் கட்டியிருந்தேன். காரில் நானே சுட்ட ஆப்பிள் பை வேறு வைத்திருந்தேன்.

ஒருவழியாக வண்டி அவள் மனம்போல நின்றது. நோரீன் இறங்கினாள். கொடியைப் பார்த்தாள்.

"இத யாரு கட்டினது?"

நான்தான் என்றேன், பெருமையாக. நாட்டுக்காகப் பாடுபட்ட பிள்ளைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றேன்.

அவள் படியேறிப் போய்க் கொடியை அவிழ்த்தாள். தரையில் படாமல், முறைப்படி முக்கோணமாக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"அவன் பட்டாளத்துல இல்ல, கண்ணு. ஜெயில்ல இருக்கான். நிலையா ஒரு வீட்டு விலாசம் இருந்தாத்தான் வெளிய விடுவாங்களாம். வண்டியெல்லாம் விலாசம் ஆகாதாம்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் எனக்கு வாய் நிற்காது. அதனாலென்ன, பிள்ளை வீட்டுக்கு வருகிறதே, அம்மா கையால் நாலு நாள் பீன்ஸும் சோள ரொட்டியும் உள்ளே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏதேதோ உளறிக்கொண்டே கதவைத் திறந்தேன். இரண்டு சாவியையும் நீட்டினேன்.

அவள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இது அவனுக்கு. எனக்கு வேணாம். நான் வண்டியிலயே படுத்துக்கறேன்."

சொந்த வீட்டை வைத்துக்கொண்டா, இந்தப் பனியிலா என்று கேட்டேன்.

"அன்னைக்கு அவங்கப்பா வீட்டுக்குள்ளதான் தூங்கிட்டிருந்தாரு," என்றாள். "டெரல் நல்லாத்தான் சாப்பிட்டான். எங்க ரெண்டு பேருக்கும் குட்நைட் சொல்லிட்டுத்தான் படுக்கப் போனான்."

கணவர் போனதும் மகன் போனதும் ஒரே வருஷம் என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் இந்த வீடு எதற்கு, உங்களுக்கு என்ன தலையெழுத்து, அவனுக்கு வேறு ஏற்பாடே கிடையாதா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிருக்க வேண்டும்.

நோரீன் சாவியை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"உனக்குன்னு வெளிய யாராவது இருக்காங்களான்னு அவன்கிட்ட கேட்டிருக்காங்க. என் பேரச் சொல்லியிருக்கான்."

பிறகு கால்மிதியில் செருப்பைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனாள். காலை வெயில் எந்த அறையில் விழும் என்று கேட்டாள். அவனுடைய கட்டிலை அங்கே போட வேண்டுமாம்.