தேங்காயெண்ணெய்க் கேக்கு

"கேக்குக்குத் தேங்காயெண்ணெயா? ஏட்டி, தலையில தேய்க்கிறதத் திங்கச் சொல்லுதியா?"

நேசபாய் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தம்பி வீட்டு அடுக்களைக்குள் கால் வைத்ததிலிருந்தே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கரி பிடித்த சுவர், மூலையில் கோழி எச்சம், அதற்கு ஒரு முழம் தள்ளி மாவுச் சட்டி. கர்த்தாவே, இந்த லட்சணத்தில் இவள் சபைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் கேக்கு சுடப் போகிறாளாம்!

தம்பி பெண்டாட்டி லீலாபாய் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "வெண்ணெய் வாங்கச் சக்கரத்துட்டு எங்க மைனி இருக்கு? இந்த வீட்டுக்குள்ள வெண்ணெய் வந்து மாசம் எட்டாச்சு. இது நேத்து செக்குல ஆட்டினது. நல்ல எண்ணெய்."

"சீனி?"

"கருப்பட்டிதான் மைனி. பாவு காச்சி வடிகட்டிட்டேன்."

"மாவு பொங்குததுக்கு?"

"இளநீரப் புளிக்க வெச்சு ஊத்தினேன்."

"புளிச்ச தண்ணி வேறயா? அய்யே!" நேசபாய்க்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது.

கூட வந்திருந்த போதகரம்மா ஜெபமணி அடுப்பை எட்டிப் பார்த்தார். வாத்தியார் வேலை போய் எட்டு மாதமாக நேசபாயின் தம்பி செல்வதாஸ் வீட்டில் சும்மா இருக்கிறான். இந்த வருஷம் ஓய்வுநாள் பள்ளிக் கேக்கை அவன் பெண்டாட்டி சுடட்டும், அந்தக் கூலியில் அறுப்பு வரைக்கும் அவன் பிள்ளைகள் கஞ்சி குடிக்கும் என்று முதலில் சொன்னதே போதகரம்மாதான். ருசி பார்த்துவிட்டு இன்றே முடிவு சொல்வதாக ஏற்பாடு.

பெண்கள் சங்கப் பொருளாளர் என்ற முறையில் நேசபாயும் வில்வண்டியில் ஏறிக்கொண்டாள். சொந்தத் தம்பி பெண்டாட்டி கூலிக்கு அடுப்பு ஊதினால் மானம் போகாதா? சபை சனம் முகத்தில் எப்படி முழிப்பது? இன்றோடு இந்தக் கூத்தை முடித்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள்.

அடுப்பில் இரும்புச் சட்டி இருந்தது. மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து அள்ளி வந்த கருமணலை அடியில் பரப்பி, அதன்மேல் தகர டப்பாவில் மாவை வைத்து மூடி, மூடிமேலும் சிரட்டைக் கனலைக் கொட்டியிருந்தாள் லீலாபாய்.

"கடல் மணல்ல என்னென்ன கெடக்கோ! நண்டு செத்துக் கெடந்த எடமா இருக்கும்" என்றாள் நேசபாய்.

"கழுவி, சட்டியில போட்டு வறுத்ததுதான் மைனி..." லீலாபாய் போதகரம்மாவைப் பார்த்து, "வேக இன்னும் இத்திரி நேரமாவும். அதுவரைக்கும் வெறும் வாயோட இருக்கப்படாது" என்று உள்ளே போனாள். வரும்போது இரண்டு பீங்கான் தட்டுகளில் ஆளுக்கொரு துண்டு கேக்கு கொண்டுவந்தாள்.

நேற்றுச் சுட்டுப் பார்த்ததாக்கும் என்று நேசபாய் நினைத்துக்கொண்டாள். இரண்டு விரலால் கிள்ளி, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள்.

போட்டதுதான் தாமதம், காறிப்போன வெண்ணெய் வாடை மூக்கு வரைக்கும் ஏறியது. அதோடு கெட்ட முட்டை நாற்றம். பல்லுக்கிடையில் வண்டு மாதிரி ஏதோ நறநறத்தது. நேசபாய் புறவாசலுக்கு ஓடினாள். துப்பினாள், கொப்பளித்தாள், மறுபடியும் துப்பினாள். என்ன துப்பியும் அந்த நாற்றம் நாக்கை விட்டுப் போகவில்லை.

"சவத்த... இதுவும் ஒரு கேக்காட்டி!" திரும்பி வந்தவள் ஆடித் தீர்த்தாள். "வெண்ணெய் காறிக் கெடக்கு, முட்டை நாறுது, மாவு பூரா வண்டு. நாய்கூட மோந்து பாக்காது. சுட்டவளுக்கு மூக்குன்னு ஒண்ணு உண்டுமா இல்லியா?"

லீலாபாய் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

போதகரம்மாவும் கைக்குட்டைக்குள் துப்பிவிட்டுத் தட்டை அப்பால் நகர்த்தினார். அவர் முகமும் சுண்டிப்போயிருந்தது. "நேசபாய் சொல்லுதது நியாயந்தான். இதத் தின்னா பிள்ளைகளுக்கு வயித்தால போகும்."

நேசபாய்க்கு அத்தனை குமட்டலுக்கு நடுவிலும் உள்ளுக்குள் குளிர்ந்தது. விட்டுவிடாமல் இன்னும் ஒரு போடு போட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்கம்மா. பொண்ணாப் பொறந்தவ சுடுத கேக்கா இது? இதச் சுட்டவ கையால சபைப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு போகப்படாது. இவ அடுக்களையில இனி நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். கர்த்தருக்கு முன்ன சொல்லுதேன்."

"சரி, அப்ப இதச் சுட்டவளுக்குக் கேக்கு வேலை இல்ல" என்று போதகரம்மா எழுந்தார். படியிறங்கப் போனவர் மனசு கேட்காமல் லீலாபாயிடம் திரும்பினார். "ஏன் மக்கா, கெட்டுப்போன சாமான்னு தெரிஞ்சுமா சுட்டே?"

லீலாபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பயத்தில் அவளுக்கு வார்த்தை தட்டித் தட்டி வந்தது.

"எங்கது இன்னும் அடுப்பில இருந்து இறக்கவே இல்லியேம்மா. இது... விருந்தாளி வந்தா குடுக்கலாம்னு நாங்க யாரும் தொடாம வெச்சிருந்தோம். நேத்து மைனி சுட்டுக் குடுத்துவிட்டதாக்கும்."