ஒன்றரை விநாடி நிழல்

“முதல்ல உட்காருங்க ஐயா. இன்னிக்கு உங்களுக்கு ஒரு பரிசு வச்சிருக்கேன்,” என்றாள் அவள்.

லைட்மேன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண்பத்திரண்டு வயது. அறுபது வருடங்களுக்கு முன், போர் நடந்துகொண்டிருந்தபோது எடுத்த ஒரு படத்துக்கு விளக்கு வைத்தவர். அந்தப் படத்தில் வேலை செய்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் படம் இப்போது வீட்டில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்காக வரப்போகிறது. பிலிமில் இருந்த கீறலையும் தூசியையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பிரேமாகத் துடைத்தெடுத்தது அவள்தான். எட்டு மாத வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘தூசி மேடம்’ என்றாகிவிட்டது. நாளைக் காலையில் படம் தொழிற்சாலைக்குப் போகிறது. அதற்கு முன், படம் ஓட ஓட லைட்மேன் தன் நினைவுகளைப் பேசிப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் அவர் வந்திருந்தார்.

கதை ஒன்றும் பெரிய கதையில்லை. ஓர் உளவாளி ஏதோ மருந்தைக் குடித்து மாயமாகி, எதிரியின் கோட்டைக்குள் புகுந்து ராக்கெட் வரைபடத்தைத் திருடி வருவான். ஆள் தெரியாது, அவன் தொடும் கோப்பையும் காகிதமும் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் கறுப்பு உடையில் ஒளிந்து நின்று ஒருவர் நூல் கட்டி இழுப்பார். மாயம் அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் வந்தது வினை. வரைபடம் மேசையை விட்டு எழும்பும்போது, நூல் இழுத்தவரின் நிழல் ஒன்றரை விநாடி சுவரில் விழுந்துவிட்டது. கண்ணுக்கே தெரியாதவனுக்கு நிழல் ஏது? தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. போர்க்காலத்தில் பிலிமுக்குப் பஞ்சம் என்பதால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. விளக்கை ஒழுங்காக வைக்கத் தெரியாத ஆள் என்று ஸ்டூடியோ அவரை வீட்டுக்கு அனுப்பியது. அதன் பிறகு அவர் காலமெல்லாம் கட்டடங்களுக்கு வயரிங் செய்துதான் பிழைத்தார்.

முன்பு ஒத்திகைக்காக இரண்டு முறை வந்தபோதும் அவள் கவனித்திருந்தாள். அந்த இடம் வந்ததும் அவர் பேச்சு நின்றுவிடும். திரையை நோக்கிக் குனிந்துவிடுவார். படம் வந்த காலத்தில் அதைப் பதினோரு தடவை பார்த்தாராம். பாவம், செய்த தப்பையே பதினோரு தடவை பார்த்திருக்கிறாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. போன வருடம் மனைவியும் போய்விட்ட மனிதர். இந்தக் குறையாவது தீரட்டும் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து முப்பத்தாறு பிரேமிலும் நிழலை அழித்தாள். தோளிலிருந்து இடுப்பு வரை தொங்கிய கயிறு மாதிரி ஒன்றுதான் அவளைப் படுத்தி எடுத்தது. நூல் கட்டும் கயிறாக இருக்கும் என்று நினைத்து அதையும் துடைத்தாள்.

“என் முகத்தை இப்படி ஒரு நாளாவது உத்துப் பார்த்திருக்கியா?” என்று கணவன் கேட்டதற்கு, “உங்க முகத்துல அழிக்க ஆரம்பிச்சா முப்பத்தாறோட முடியாது,” என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அந்த இடத்தை ஓட்டினாள். வரைபடம் எழும்பியது. சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இனி ஒருத்தர் உங்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது ஐயா.”

அவர் எழுந்து போய்த் திரையின் அந்த மூலையை விரலால் தொட்டார்.

“திரும்ப வைக்க முடியுமாம்மா?”

அவளுக்குப் புரியவில்லை. முடியும்தான். ஆனால் டிஸ்க் அட்டையில் அவள் பெயரும் வரப்போகிறது. இவ்வளவு துடைத்தவள் இதை விட்டுவிட்டாளே என்று ஊர் அவளையும் சேர்த்துச் சிரிக்கும். அதை மறைக்காமல் சொன்னாள்.

“அது தப்பு இல்லம்மா,” என்றார் அவர். “விளக்கை நான்தான் ஒரு சாண் நகர்த்தி வச்சேன். வேணும்னே.”

“வேணும்னேயா? வேலை போகும்னு தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும். நூல் இழுக்கிறவங்களுக்குப் படத்துல பேர் போட மாட்டாங்க. ரெண்டு மாசம் மூச்சை அடக்கிக்கிட்டு மூலையில நின்ன ஆளு படத்துல எங்கயுமே இல்லைன்னா எப்படி? எனக்குப் பொறுக்கல.”

அவள் முப்பத்தாறு பிரேமையும் பழையபடி வைத்தாள். நிழல் சுவருக்குத் திரும்பி வந்தது.

“கொஞ்சம் பெருசாக்கிக் காட்டும்மா. அந்தக் காலத்துல இதுக்கு வசதி இல்ல.”

பெரிதாக்கினாள். தோளிலிருந்து இடுப்பு வரை தொங்கியது மூன்று புரியாக இருந்தது. நுனியில் ஒரு ரிப்பன் முடிச்சு.

அது கயிறல்ல, பின்னல்.

“ஆம்பளைங்க எல்லாம் போருக்குப் போயிட்டாங்கன்னு தையல் பிரிவுலேர்ந்து அவளைக் கூட்டிட்டு வந்து நூலைக் கையில கொடுத்தாங்க,” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “படம் வந்த மறு வெள்ளிக்கிழமை எனக்கு வேலை போச்சும்மா. ஞாயித்துக்கிழமை எங்களுக்குக் கல்யாணம்.”