இன்னும் கொஞ்சம் அகலமா...

“இன்னும் கொஞ்சம் அகலமா இழுப்பா” என்றாள் அம்மிணி மாமி.

புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற மாரீஸ்வரன் ரிமோட்டும் கையுமாக நிமிர்ந்தான். “இதுக்கு மேல இழுத்தா ஆளுங்கல்லாம் தர்பூசணி கணக்கா ஆயிருவாங்க மாமி.”

“ஆகட்டும். படத்துக்கு ரெண்டு பக்கமும் கறுப்பா காலியா கிடக்கு பாரு. நிச்சயதார்த்தத்துல கறுப்பு ஆகாது. ரொப்பு.”

மும்பை மாட்டுங்காவின் அந்த ஹாலில் தூண்கள் ஜாஸ்தி. பின்வரிசைக்கு மேடையே தெரியாது. அதனால் மேடையில் நடப்பதைக் கேமரா பிடிக்கும். பக்கச் சுவரில் கட்டிய திரையில் புரொஜெக்டர் அதைக் காட்டும். கேமரா பழசு, அது தரும் படம் சதுரம். சதுரமாகவே விட்டால்தான் மனிதர் மனிதராகத் தெரிவார்.

தாராவியிலிருந்து விடியற்காலையிலேயே வந்து, படத்தின் நாலு மூலையையும் நூல் பிடித்த மாதிரி நேராக்கி, அரக்குப் பட்டு அரக்காகவே தெரியும்படி நிறத்தையும் சரி செய்து வைத்திருந்தான் மாரீஸ்வரன். இந்த ஹாலில் அவனுக்கு இது முதல் வேலை. இன்றைக்குப் பேர் வாங்கிவிட்டால் சீசன் முழுக்க அவன்தான் என்று மேனேஜர் ரஞ்சனா சொல்லியிருந்தாள்.

மாமியோ பெண்ணைப் பெற்றவள். மறுக்க முடியுமா? ரிமோட்டை அழுத்தினான். திரையில் சாஸ்திரிகள் இருபக்கமும் உப்பினார்.

“பேஷ்! இப்போ சிவப்பை ஏத்து. கன்னத்துல ரத்த ஓட்டம் தெரியணும்.”

ஏற்றினான். சாஸ்திரிகள் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டார்.

மாமி அந்தப் பக்கம் போனதும் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து நின்றார்.

“ஏம்பா, ராத்திரி சாதத்தையே விட்டு, காலங்கார்த்தால நடையா நடந்து இளைச்சிருக்கேன். ஒரு பட்டனைத் தட்டி அத்தனையும் திருப்பிக் குடுத்துட்டியே!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாரீஸ்வரன் படத்தைப் பழையபடி சதுரமாக்கினான்.

கண் மூடித் திறப்பதற்குள் மாமி திரும்பிவிட்டாள். “யார் மாத்தச் சொன்னா?”

“மாப்பிள்ளை வீட்டுல சொல்லுதாங்க மாமி...”

“அவா கேட்டதையெல்லாம் தட்டுல வெச்சாச்சு. திரை என்னோடது. இழு!”

“வேறொண்ணுமில்லை, அவ காதுல இருக்கற வைரத் தோடு கடைசி வரிசைக்கும் தெரியணும்” என்று பின்னால் ஒரு குரல் கிசுகிசுத்தது.

அப்படித்தான் இருக்கும் என்று மாரீஸ்வரனுக்கும் பட்டது. ஒல்லியாகக் காட்டு, வெளுப்பாகக் காட்டு என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறான். குண்டாகக் காட்டச் சொன்ன முதல் ஆள் இந்த மாமிதான்.

அடுத்து ரஞ்சனா வந்தாள். “மாரி, யே க்யா தமாஷா ஹை?” என்று ஆரம்பித்து, இன்னொரு புகார் வந்தால் நாளையிலிருந்து பழைய ஆளையே கூப்பிட்டுக்கொள்வேன் என்று இந்தியில் பொரிந்துவிட்டுப் போனாள்.

மாரீஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. “மாமி, எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுராதீங்க. அப்படி யாரு குண்டாத் தெரியணும் உங்களுக்கு?”

மாமி மேடைப் பக்கம் பார்த்தாள். அவள் கணவர் கிட்டுவை அப்போதுதான் இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். பட்டு ஜிப்பாவுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் தன் மூஞ்சியைப் பாக்கவே அவருக்குப் பயம்ப்பா. ஆத்துல இருக்கற கண்ணாடியெல்லாம் கழட்டி உள்ளே வெச்சுட்டேன். இங்கே கண்ணுல படறாப்பல இவ்வளவு பெரிசா நீ திரை கட்டி வெச்சிருக்கே. பாத்துட்டு எழுந்து போயிட்டார்னா? எங்க சாதனாவோட நிச்சயம்டா இது.”

மாரீஸ்வரன் ரிமோட்டை எடுத்தான். படத்தை இழுத்தான். சிவப்பை அவனாகவே இன்னும் ஒரு புள்ளி ஏற்றினான்.

மாமி ஓடிப்போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கிட்டு நிமிர்ந்து திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். மாமி அவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். எழுந்திருக்கவில்லை. தட்டு மாற்றும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டு வாங்கினார்.

பெரியப்பா இப்போது ரஞ்சனாவையே கையோடு கூட்டி வந்தார்.

“மெஷின் கோளாறு மேடம். தப்பு எம்மேலதான்” என்றான் மாரீஸ்வரன்.

“பஸ். கல் ஸே மத் ஆனா” என்றாள் அவள். போதும், நாளையிலிருந்து வராதே.

பந்தி ஆரம்பித்ததும் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தூணைப் பிடித்தபடி மெள்ள வந்தார் கிட்டு. ரஞ்சனாவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“மேடம், கல்யாணமும் இங்கேதான். புரொஜெக்டருக்கு இவர்தான் வேணும். ஏ ஒன் பிக்சர்!”

ரஞ்சனா அவரைப் பார்த்தாள், மாரீஸ்வரனைப் பார்த்தாள். “டீக் ஹை, ஸாப்” என்று சம்மதம் சொல்லிவிட்டுப் போனாள்.

“ரொம்ப நன்றி ஸார்” என்று கை கூப்பினான் மாரீஸ்வரன்.

கிட்டு அவன் காதருகே குனிந்தார். “தட்டுல இருந்த லட்டெல்லாம் திரையில கோழிமுட்டையாட்டம் தெரிஞ்சுதே, நானா ஏமாறுவேன்?”

மாரீஸ்வரன் வயரைக் கீழே வைத்தான். “அது... மாமிதான்...”

“தெரியும். சரி பண்ணச் சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ, ‘ஏன்னா, நன்னாத் தேறிட்டேளே’ன்னு சிரிச்சுட்டா. அவ சிரிச்சு எத்தனை நாளாச்சு! நான் கண்டுபிடிச்சுட்டேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிடாதே, என்ன?”