அன்னையர் ஞாயிற்றுப் படம்

ஆலயத்தின் வெள்ளைத் திரையில் கொண்டைக்குருவி இறக்கையை விரித்த போட்டோ விழுந்ததும் பெண்கள் பக்கமிருந்து "அச்சச்சோ" என்று ஒரு சத்தம் எழுந்தது.

அன்னையர் ஞாயிறு. படம் சைலஸ் எடுத்தது.

தினமும் இருட்டோடு சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற மனிதன். சனிக்கிழமை மட்டும் கேமராவும் கையுமாக அலைவான். பத்து வருட அலைச்சலில் அவன் படத்தை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

நேற்று எடுத்த இந்த ஒன்று, சாயங்காலத்துக்குள் தங்கவயல் வாட்ஸ்அப் குழுக்களை எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. போதகரே போன் செய்து கேட்டு வாங்கினார்.

தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மணல்மேட்டின் அடியில் ஓர் இலந்தைப் புதர். அதில் கூடு. கூட்டில் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள். அவற்றுக்குக் கூரை போட்டாற்போல் தாய்.

"இன்னா பாசம் பாரு அதுக்கு!" என்று பின்வரிசை ஐடா அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

சைலஸும் பெருமையோடுதான் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவனின் கண் குருவியின் அலகில் நின்றது.

போனில் கடுகாகத் தெரிந்த அலகு திரையில் முழம் நீளத்துக்குத் தெரிந்தது. திறந்திருந்தது. பாடுகிறது என்றே நினைத்திருந்தான். பாடவில்லை, மூச்சு வாங்குகிறது. கூட்டின்மேல் வெயில் நேராக இறங்குகிறது.

ஜன்னலைப் பார்த்தான். பத்தரை மணிக்கே வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் அந்தப் பச்சைக் குஞ்சுகள் வெந்துவிடும்.

அப்புறம் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தான், மூடினான். பெஞ்சின் நுனிக்கு வந்தான். போதகர் தாயன்பைப் பற்றி இரண்டாவது குறிப்புக்குத்தான் வந்திருந்தார். ஐந்துக்குக் குறைந்து அவர் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

எழுந்துவிட்டான்.

"அதுக்குள்ள இன்னொரு போட்டோவா? உக்காருங்க, மானம் போவுது" என்று அவன் மனைவி ஷைலா எதிர்வரிசையிலிருந்து பல்லைக் கடித்தாள்.

அவன் நிற்கவில்லை. பைக்கை உதைத்தான்.

தாய் அதே இடத்தில், அதே கோலத்தில் இருந்தது. இறக்கை இரண்டும் நடுங்கின. பத்தடியிலேயே பறந்துவிடுகிற பறவை, கைக்கெட்டும் தூரத்துக்கு அவன் வந்தும் பறக்கவில்லை.

காலடிச் சத்தத்துக்கு ஒரு குஞ்சு வாயைத் திறந்தது. மற்றது திறக்கவில்லை.

ஊரே மெச்சிய படம் அவனுக்கு அப்போது அசிங்கமாக இருந்தது.

புதரின் அடியில் கை நீளத்துக்கு ஒரு கிளை கிடந்தது. கூட்டை மறைக்கிறது என்று நேற்றுக் காலை அவனே வெட்டிப் போட்டது.

அதை எடுத்துக் கூட்டுக்கு மேலே உயர்த்திப் பிடித்தான். காய்ந்த இலைகள் பொலபொலவென்று தாயின் முதுகில் உதிர்ந்தன. அவன் கையில் வெறும் குச்சிதான் மிஞ்சியது.